மேற்கே பலா மரம்

மேசை வாசலில் மாட்டிக்கொண்டது. பாதி வீட்டுக்குள், பாதி முற்றத்தில். உள்ளேயிருந்து சஞ்சீவனி இழுத்தாள். வெளியிலிருந்து பக்கத்துக் கடை லாபிர் நானாவும் சட்டத்தரணியின் சாரதியும் தள்ளினார்கள். சட்டத்தரணி மோகனராஜ் முதலிலேயே உள்ளே வந்து நின்று, கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டபடி, கதவின் அகலம் போதாது என்பதை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் அப்பா இருளப்பனின் மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைத்தது. சஞ்சீவனி மேசையை இழுத்தாளே தவிர காது முழுக்க அங்கேதான் இருந்தது.

ஸ்டூல் போதுமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஸ்டூலில் வைத்து எழுதிய மரண சாசனம் செல்லாது என்று மோகனராஜ் சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொள்ளும்படி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகுதான் லாபிர் நானா தன் கடை மேசையைத் தூக்கிவர ஓடினார். இப்போது அதே மேசையைக் கவிழ்த்துப்போட்டுக் கால்களைக் கழற்ற உட்கார்ந்தார்.

மோகனராஜ் மூன்றாவது சட்டத்தரணி. கண்டியில் அவள் பார்த்த முதலாமவர் நோயாளியை அலுவலகத்துக்கே கூட்டிவரச் சொன்னார்; அலுவலகம் மூன்றாம் மாடியில், படியேறித்தான் போக வேண்டும். இரண்டாமவர், பெரஹர ஊர்வலம் முடியட்டும், வீதியெல்லாம் மூடிக் கிடக்கிறது என்றார். அப்பாவின் மூச்சுக்குப் பெரஹர தெரியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பிலிமத்தலாவைக்குத் திரும்பி பஸ்ஸால் இறங்கியபோது கண்ணில் பட்டது மோகனராஜின் பெயர்ப்பலகை. சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு, சத்தியப் பிரமாண ஆணையாளர், சமாதான நீதவான் என்று அது அவருடைய அறையைத் தாண்டிப் பக்கத்து சலூன் வாசல்வரை நீண்டிருந்தது. வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டாள். சட்டம் மக்களின் வாசலுக்கு வர வேண்டும் என்றார் அவர். வந்துவிட்டது. வாசலில்தான் இந்தப் பாடு.

ஊருக்கு அவள் மேசன் இருளப்பனின் மகள். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்ட லயத்தில் பெற்றவர்கள் இருவரும் இறந்தபின், நடக்கப் பழகாத பிள்ளையாக அவளைத் தூக்கிவந்து வளர்த்தவர்கள் இருளப்பனும் அங்கம்மாவும். தத்து எடுத்ததாக எங்கும் எழுதவில்லை. மகளை மகள் என்று எழுதிவைக்க யாராவது பதிவுக் கந்தோருக்குப் போவார்களா என்பாள் அங்கம்மா. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி எழுத்தில்லாமல் இருளப்பனும் போனால், வீடு அவருடைய செத்துப்போன தம்பியின் மகன் சுதேஷுக்கு. சட்டத்தின் கணக்கில் சஞ்சீவனி இங்கே தங்கியிருக்கும் ஒருத்தி, அவ்வளவுதான். சுதேஷ் கெட்டவன் என்று சொல்ல முடியாது. போன மாதம் பெரியப்பாவுக்குத் தோடம்பழம் கொண்டுவந்து உரித்துக் கொடுத்தான். போகும்போது வீட்டின் முன்பக்கத்தைக் காலடி வைத்து அளந்துவிட்டுப் போனான்.

மேசை ஒருவழியாக உள்ளே வந்து நான்கு காலில் நின்றதும் மோகனராஜ் வாசிக்கத் தொடங்கினார். சாசனத்தை முழுவதும் வாசித்து விளக்க வேண்டும் என்பது விதி. தன் பட்டங்களையும் ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லி அந்த விதியில் இருக்கிறதா என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. இருளப்பனால் பேனை பிடிக்க முடியாது. சாரதி மைப்பெட்டியைத் திறந்து அவருடைய பெருவிரலில் முன்கூட்டியே மையைத் தடவிவிட்டான். அது எதிலும் பட்டுவிடாதபடி சஞ்சீவனி அந்தக் கையை ஏந்திக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தாள். கொஞ்சம் வேகமாக வாசிக்கும்படி ஒரு தரம் கேட்டாள். மோகனராஜ் விட்ட இடத்துக்கு இரண்டு வரி மேலேயிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

"வடக்கே பொது வழி. கிழக்கே ஓடை. தெற்கே லாபிர் என்பாரின் காணி. மேற்கே பலா மரம்."

இருளப்பன் கண்ணைத் திறந்தார்.

"பலா மரம் இல்லீங்க."

பழைய காணி உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் மோகனராஜ். சட்டத்தின் கண்ணுக்கு அந்த மரம் இன்னும் நிற்கிறது, காய்க்கக்கூடச் செய்கிறது என்பதுபோல் இருந்தது அவர் சொன்ன விதம்.

"வெட்டியாச்சு. இப்ப மதிலு. நான் கட்டுனது."

"பரவாயில்லப்பா. வச்சிருங்க."

"இல்லாத மரத்துக்கு எப்படிம்மா கை வைக்கிறது?"

ஒரு சொல்லை வெட்டி ஒரு சொல்லை எழுதினால் முடிகிற காரியம். மோகனராஜ் தங்க மூடி போட்ட பேனையைத் திறந்தார். வெட்டினார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். சாட்சிகளாக லாபிர் நானாவும் சாரதியும் வைத்தார்கள். 'மதில்' என்பது சாசனத்துக்குக் கொஞ்சம் இலேசான சொல்லாக அவருக்குப் பட்டது. அதையும் வெட்டி, 'செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட எல்லைச் சுவர்' என்று எழுதினார். மறுபடியும் சுருக்கொப்பங்கள். பிறகு தலையை நிமிர்த்தாமல், சுவர் எத்தனை அடி உயரம் என்று கேட்டார்.

கட்டிலில் ஒரு மூச்சு வந்தது; அடுத்தது வரவில்லை.

சஞ்சீவனி அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். ஏந்தியிருந்த கை பாரமாகியது. லாபிர் நானா சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார்.

மோகனராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி இல்லை. யன்னல் பக்கம் திரும்பி, பட்டங்களையெல்லாம் குரலிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் பேசினார்.

"கை இன்னும் சூடாத்தான் இருக்கும், தங்கச்சி. நான் கண்ணாடி போடல."

சாரதி தாளைக் கட்டிலுக்கு நகர்த்தி வைத்தான். விரலுக்கும் தாளுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

"ஒங்களுக்குச் சரியெண்டு படுறதச் செய்ங்க, புள்ள," என்றார் லாபிர் நானா. "நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

அவள் அந்தக் கையைத் தாளுக்கு மேலே கொண்டுபோனாள். சூடு இருந்தது. மை காயவில்லை. முன்பக்கத்தில் சுதேஷின் காலடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. கீழே தாளில், வெட்டுப்பட்ட பலா மரத்துக்கு மேல் அந்த நீளமான சுவர். அப்பா கட்டியது. அப்பா இன்னும் வாசித்துக் கேட்காதது.

கையைத் திருப்பி அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். மற்றக் கையையும் எடுத்துச் சேர்த்து வைத்தாள்.

"நானா, ஒரு வெள்ளத் துணி கிழிச்சுத் தாங்க."

இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். மோகனராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாள்களை அடுக்கிப் பெட்டியில் வைத்தார். போக வழியைத் தேடினார். மேசை, சுவரிலிருந்து கட்டில்வரை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் காலை மறுபடி கழற்றச் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. பெட்டியை முதலில் தள்ளிவிட்டு, கோட்டோடு குனிந்து, மேசைக்கு அடியில் தவழ்ந்து வெளியே போனார்.

சஞ்சீவனி போனை எடுத்தாள்.

"சுதேஷு, பெரியப்பா போயிட்டாரு."

அந்தப் பக்கம் அவன் அழுதான். உண்மையாகவே அழுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, வீட்ல யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தபோது கட்டுத் தளர்ந்திருந்தது. அவிழ்த்தாள். துணியின் உள்பக்கத்தில், ஒரு ரேகைகூடக் கலையாமல், நீலமாகப் பெருவிரல் பதிந்திருந்தது.

அந்தப் பக்கம் மறுபடியும் உள்ளே போகும்படி மடித்து, இந்த முறை இறுக்கமாகக் கட்டினாள்.