வெண்டெலின் பதினாறாயிரம்

என் கணவன் வெண்டெல் செத்து ஐந்து வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் பணம் என் கணக்கில் வந்து விழுந்தது. அடக்கச் செலவு போக மிச்சம் பதினாறாயிரம் டாலர். நெடுஞ்சாலை ஓரத்தில், பீட்சாக் கடைக்குப் பக்கத்திலிருந்த தனியார் பள்ளி, மருத்துவ உதவியாளர் சான்றிதழ் படிப்புக்குக் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான். சேர்க்கை மேசைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பது மாசந்தான். அப்புறம் உங்க வாழ்க்கையே வேற," என்றாள். சரி என்றேன். அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெண்டெலின் அக்கா கோலீன் அப்படி விடுகிற ஆள் இல்லை. கேள்விப்பட்ட அன்றே போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி லோர்னா, உனக்குக் கணக்கே வராதா? முதியோர் இல்லத்துல துணி துவைச்சு மணிக்குப் பதினஞ்சு டாலர் வாங்குற. இதைப் படிச்சா பதினெட்டு. மூணு டாலருக்குப் பதினாறாயிரமா? அரசுக் கல்லூரியில இதே படிப்பு நாலாயிரம்."

"அங்க ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்கணும்."

"காத்திரேன். உன்னை யாரு துரத்துறா? அப்புறம், என் கண்ணாடித் தட்டை எப்பத் தரப்போற?"

எங்கள் பக்கம் துக்க வீட்டுக்கு ஆளாளுக்கு நூடுல்ஸும் சீஸும் போட்டுச் சுட்டு, தட்டோடு கொண்டுவந்து வைப்பார்கள். அடியில் பெயர் ஒட்டியிருக்கும். தின்று, கழுவி, அவரவர் தட்டை அவரவருக்குத் தர வேண்டும். எல்லாம் தந்துவிட்டேன். கோலீனுடையது மட்டும் தொடாமல் ஃப்ரீசரில் கிடந்தது.

எனக்குக் கணக்கு வராமல் இல்லை. போட்ட பணம் திரும்ப, வரி போக மூன்று வருஷம் ஆகும் என்று கோலீனுக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டேன். விலை அதிகம் என்பதுதான் அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்த விஷயமே. அந்தப் பணம் வங்கியில் இருக்கிறவரை வெண்டெல் இவ்வளவுதான் என்று யாரோ விலை எழுதி ஒட்டிய மாதிரி இருந்தது. ஒரே நாளில் அதை எங்காவது தொலைத்துத் தலைமுழுக வேண்டும். இதை எப்படி அவன் அக்காவிடம் சொல்வது?

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் காசநோய்ச் சோதனை ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வியாழன் காலை எங்கள் வழக்கமான கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே உதவியாளர் டானிஷா. பூனைப் படம் போட்ட ஊதாச் சட்டை. என் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "நீங்களும் இந்தத் தொழிலுக்கா? வாங்க வாங்க. கால்வலி இலவசம்," என்றாள். அவள் படித்ததும் அதே பீட்சாக் கடைப் பள்ளியில்தானாம்.

"எவ்வளவு வருது?"

"பதினேழே முக்கால். படிச்ச கடன் இன்னும் போயிட்டிருக்கு. சனி ஞாயிறு வீடு வீடா மளிகை கொண்டுபோய்க் குடுக்கறேன்."

இதுவும் என்னை அசைக்கவில்லை. அவள் கணினிப் பக்கம் திரும்பி, திரையில் இருந்ததை வாசித்தாள்.

"கடைசி ரெண்டு வாரத்துல மனசு சோர்ந்து, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தீங்களா? இல்லவே இல்ல, சில நாள், பாதி நாளுக்கு மேல, தினமும்?"

"இல்லவே இல்ல."

தட்டினாள். இப்படித் திரையைப் பார்த்துக் கேட்டு, பொய்யை வாங்கித் தட்டுகிற வேலையைத்தான் நான் பதினாறாயிரம் கொடுத்து வாங்கப் போகிறேன்.

"அவசரம்னா கூப்பிட வேண்டியது வெண்டெல் ஹாஸ்கெட், கணவர். அதே நம்பர்தானே?"

"ஆமா."

பொய் சொல்ல நினைக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவருக்கு இப்ப ஒரு மெசேஜ் போகும். சம்மதம்னு ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க," என்றாள்.

என் கைப்பைக்குள் அதிர்ந்தது. அவன் போன். ராத்திரி தவறாமல் சார்ஜ் போட்டு, பில் கட்டி, கூடவே தூக்கிக்கொண்டு அலைகிறேன். எடுத்துப் பார்த்தேன். லோர்னா ஹாஸ்கெட்டுக்கு அவசரம் என்றால் உங்களைக் கூப்பிடலாமா? ஆம், இல்லை.

டானிஷா போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்போ?"

"ஆறு வாரமாச்சு. தொழிற்சாலை வாசல்ல, வண்டி நிறுத்துற இடத்துல."

அவள் முக்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "முதல் கேள்வியை மறுபடி கேக்கட்டா?"

தலையாட்டினேன். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் கேட்டாள்.

"தினமும்," என்றேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி. நானே டாக்டர்கிட்ட சொல்றேன். ஆனா வேற ஒரு பேரு போட்டாத்தான் இது அடுத்த பக்கம் போகும்."

வெண்டெலின் போனில் 'இல்லை' என்பதைத் தொட்டேன். அவனே என்னைக் கைவிட்ட மாதிரி இருந்தது, அதுவும் என் விரலாலேயே. வேறு யாரும் ஞாபகத்துக்கு வராமல் கோலீன் பெயரையும் நம்பரையும் சொன்னேன்.

"ஊசி போடட்டுமா?"

"வேண்டாம். அரசுக் கல்லூரி ஆகஸ்ட்லதான். அப்ப வரேன்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நாற்காலியை விட்டு எழுவதற்குள் என் போன் அடித்தது.

"என்னடி ஆச்சு? என் பேரை எதுக்குப் போட்ட? எங்க இருக்க?" கோலீனுக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் ஆகல. யாராவது ஒருத்தர் பேரு வேணும்னாங்க."

"நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறியா?"

"இல்ல."

"என் தட்டு?"

"நீ குடுத்தது அப்படியே ஃப்ரீசர்ல இருக்கு, கோலீன். தனியா உக்காந்து தின்ன முடியல."

"போய் அதை எடுத்து ஓவன்ல வை," என்றாள். "நான் வரேன்."