விதைநேர்த்தி செய்த நெஞ்சு

மேல்மலைப் பூண்டு விவசாயிகள் சங்கத் தலைவர் திருமலைச்சாமிக்கு மதுரையில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதமாகிறது. மலையிறங்கும்போது நெஞ்சுவலிக்காரராகப் போனவர், வத்தலக்குண்டு தாண்டி ஏறும்போது இதய நிபுணராகத் திரும்பினார். ரத்தக்குழாய்க்குள் வைத்த கம்பிவலையில் மருந்து பூசியிருப்பதால் குழாய் மறுபடி சுருங்காது என்று டாக்டர் சொன்னதை, தானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் விளக்கினார். விதைப்பூண்டு பற்றிப் பேசச் சங்கத்துக்கு வந்தவர்கள், தலைவரின் இடப்பக்க ரத்தக்குழாயைப் பற்றித் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிறு காலை, அவர் மனைவி சின்னத்தாயி துவைக்க எடுத்த ஸ்வெட்டர் பையில் மாத்திரை அட்டைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தாள். நாலு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ் ஆக்ஸிலியாவுக்குப் போன் போட்டாள். ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து, இப்போதே கொடுங்கள், நாளைக்கே கூட்டி வாருங்கள் என்று பதில் வந்தது. ஸ்வெட்டரை அங்கேயே போட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்போடு சங்கக் கட்டடத்துக்கு ஓடினாள்.

நாற்பது பேர் முன்னால் தலைவர் மைக்கும் கையுமாக நின்றார். சின்னத்தாயி நீட்டிய மாத்திரையைப் பார்த்துச் சிரித்தார். நடுவதற்கு முன் பூண்டுப் பல்லை மருந்தில் முக்கி எடுக்கும் விதைநேர்த்தி அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"விதைநேர்த்தி பண்ணின பூண்டுக்கு மறுபடி எதுக்கு மருந்துங்கிறேன்? எனக்குத்தான் உள்ளேயே பூசிக் கெடக்கே."

ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. கூட்டத்தில் பாதி தலையாட்டியது.

"ஏங்க, விதைநேர்த்தி பண்ணித்தான் போன போகம் நட்டீங்க. பெறகு எதுக்கு மூணு தடவ மருந்து அடிச்சீங்க?"

"அது இலைக்கு வர்ற நோவு. அது வேற."

"இதுவும் வேறதாங்க. பூசுன மருந்து கொழாய் சுருங்காமப் பாக்குமாம். ரத்தம் கட்டாமப் பாக்குறது மாத்திரையாம். வெரசா முழுங்குங்க."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். தலையாட்டிய பாதி இப்போது சிரித்துக்கொண்டிருந்தது. மாத்திரையை வாயில் போட்டார். அவர் விழுங்கியது மைக்கில் 'மடக்'கென்று கேட்டது. கைதட்டல் எழுந்தது. பாராட்டு விழா என்று நினைத்தாரோ என்னவோ, கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டார்.

"மாத்திரைய ஒரு நாள்கூட விடக் கூடாது. இது இங்க பல பேருக்குத் தெரியல," என்று ஆரம்பித்தார்.

சின்னத்தாயி முதல் வரிசையில் உட்கார்ந்து ஆக்ஸிலியாவைக் கூப்பிட்டாள்.

"முழுங்கிட்டாரு நர்ஸம்மா. நல்லாத்தான் இருக்காரு. நீங்களே கேளுங்க," என்று போனை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.