கம்ப்யூட்டர் தின்ற புல்லாங்குழல்

எங்கள் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை என்னைப் பார்த்ததைவிட நாற்காலிக்கு அடியில் பார்த்த நேரம்தான் அதிகம். அங்கே ஒரு டேப் ரெக்கார்டரை ஒளித்து வைத்திருந்தார். மேடையில் புல்லாங்குழல் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் வந்து கை கொடுத்தால் ஒரு கையைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த மனுசனோடு எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறோம் என்று எனக்கு அப்போதே கவலை வந்துவிட்டது.

கடைசி உருப்படியில் குழல் மேலே மேலே போய், இனிப் போக இடமில்லை என்கிற உயரத்தில் நின்றது. அவர் என் காதருகே குனிந்து, "என்ன ராகம்னு தெரியுதா?" என்று கேட்டார். கட்டிக்கொண்ட பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "எனக்குப் பசிக்குதுங்க" என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குழல் நின்றதும் என் சிரிப்பு, அதற்குப் பிறகு கைதட்டல். மூன்றும் வரிசையாக அந்தக் கேசட்டில் விழுந்துவிட்டன.

என் கணவர் கிருபாசங்கரிடம் அலமாரி நிறையக் கேசட்டுகள் இருந்தன. ஆனால் வீடு தீப்பிடித்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவார் என்று கேட்டால், இந்த ஒன்றைத்தான் சொல்லியிருப்பார். என்னைச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

சூலூரில் எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தால் சமையலறையில் தட்டு தானாக நகரும். தறிக்காரர் குடும்பத்தில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூடக் கத்திக் கேட்பதுதான் வழக்கம். குடோனுக்குள் கத்தினாலும் எடுபடாது, அங்கே வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். "பாவு நூல் அறுந்துபோச்சு", "டீ வந்திருச்சு" எல்லாம் உதட்டிலேயே தெரிந்துவிடும். துடியலூரிலிருந்து என் தங்கை வந்தால், "ஏனக்கா, மாமனுக்கும் உனக்கும் எந்நேரமும் சண்டையா?" என்பாள். சண்டை இல்லை, அது எங்கள் சாதாரணப் பேச்சு.

தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார். பீளமேட்டில் கடை வைத்திருந்த ரைஹான் பாகம் பாகமாகக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். கணக்கு எழுதத்தான் என்று ஊருக்குச் சொன்னார். ஒரு வரி கணக்குக்கூட அதில் ஏறவில்லை. டேப் டெக்கிலிருந்து ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகி, கேசட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்ற ஆரம்பித்தார். ஒரு மணி நேரக் கேசட் என்றால் ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் நான் சாப்பிடக் கூப்பிட்டால், பிள்ளை தூங்குகிற வீட்டில் பாத்திரத்தைப் போட்டதுபோல முறைப்பார்.

"பாட்டை முழுசா ஏத்துனா டிஸ்க் நெறஞ்சிருமுங்ணா" என்று ரைஹான்தான் எம்பி3 என்பதைச் சொல்லிக் கொடுத்தான். "இதுல மாத்துனா பத்துல ஒரு பங்கு எடந்தானுங்க. மனுசன் காதுக்குக் கேக்காத சத்தத்தையெல்லாம் அதுவே எடுத்துப்போடும்."

இவருக்கு அது தேவரகசியம் கிடைத்ததுபோல ஆகிவிட்டது. பாட்டுகளைப் பாடகர் பெயரில் பிரிக்காமல், கேட்கிற நேரத்தை வைத்துப் பிரித்தார். 'பல் தேய்க்கையில்' என்று ஒரு ஃபோல்டர். 'மழை' என்று ஒன்று. 'நூல் விலை ஏறினால்' என்று ஒன்று, அதில் எல்லாம் சோகப் பாட்டு. 'புவனா' என்று என் பெயரிலும் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. கேட்டதற்கு, "அதுல போடறது ஒன்னே ஒன்னுதான். டிஸ்க்கு, சவுண்ட் கார்டு எல்லாம் நல்லாப் பழகட்டும், அப்புறம் போடுவேன்" என்றார். கல்யாணக் கேசட்டைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. வெளியில் உதட்டைச் சுழித்துக்கொண்டேன், உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதைப் போட்ட அன்றுதான் தொல்லை ஆரம்பித்தது. பாட்டு முழுக்க ஏறி முடிந்ததும் போட்டுக் கேட்டார். மறுபடி போட்டார். முகம் சுருங்கிப்போனது.

"குழலைக் காணம்" என்றார்.

"என்னது?"

"மேல போற எடத்துல குழலே இல்ல. மிருதங்கம் மட்டும் நிக்குது. நீ சிரிக்கறதும் இல்ல. கேக்காத சத்தத்தை எடுக்குதுன்னானே, கேக்கறதையும் சேத்துத் தின்னுபோட்டுது இந்தக் கம்ப்யூட்டர்!"

தறிச் சத்தத்துக்கு நடுவே எனக்கு ஏதோ குழல் மாதிரிதான் கேட்டது. "கேக்குதுங்களே" என்றேன். "உனக்குப் பசி மட்டுந்தான் தெரியும்" என்று வாயை அடைத்துவிட்டார். எனக்குச் சங்கீதம் தெரியாது என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

கேசட்டையே டெக்கில் போட்டுப் பார்த்தார். அதிலும் குழல் மங்கிவிட்டது என்றார். டேப் பழசானால் குழல் மாதிரி மேல் சத்தம்தான் முதலில் போகுமாம், எங்கோ படித்திருந்தார். அலமாரியில் இருக்கிற எல்லாக் கேசட்டும் இப்படியே செத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வெள்ளம் வருகிறது, பொருளை மாடிக்கு ஏற்று என்பது போன்ற அவசரத்தோடு தினமும் கேசட்டுகளை ஏற்றினார். ஏற்றுகிற எல்லாவற்றிலும் ஏதோ குறைந்துகொண்டே போனது. ஒரு பாட்டில் சலங்கை இல்லை. இன்னொன்றில் ஜாலரா இல்லை.

கோபமெல்லாம் ரைஹான் தலையில் விடிந்தது. "மட்டமான கார்டை மாட்டிப்போட்டே" என்று அவனைப் பிடித்துக் காய்ச்சினார். பாவம், அவனும் எதிர்த்துப் பேசாமல், "மாத்தித் தாரேனுங்ணா" என்று சவுண்ட் கார்டை மாற்றினான். ஸ்பீக்கரை மாற்றினான். ஒயரைக்கூட மாற்றினான். ஒவ்வொரு தடவையும், "எனக்குக் கேக்குதுங்ணா" என்று தயங்கித் தயங்கிச் சொல்வான். "தறிச் சத்தத்துல உனக்கு என்ன கேக்கும்? எம்பட காது இதுலயே வளந்தது" என்பார்.

அது உண்மைதான், அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை. குடோன் வாசலில் நின்றபடியே, "அஞ்சாந்தறில நாடா தட்டுது பாரு" என்பார். போய்ப் பார்த்தால், குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற அந்த நாடாவில்தான் சரியாகக் கோளாறு இருக்கும். அப்படிப்பட்ட காதை யார் சந்தேகப்படுவது? கொஞ்ச காலமாக டெலிபோன் அடித்தால், "நீயே பேசு" என்று என்னிடம் தள்ளிவிட்டதையும் நான் முதலாளித் திமிர் என்றுதான் நினைத்தேன்.

தறி ஓடுகிறவரை பாட்டை நிம்மதியாகக் கேட்க முடியாது. தறி நிற்பது கரண்ட் போகும்போது, கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு, ஆனால் அன்றைக்குத்தான் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று எங்காவது போய்விடுவோம். அமைதியும் பாட்டும் எங்கள் வீட்டில் ஒன்றாக இருந்ததே இல்லை. இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

கேசட் ஏறும்போது நடுவில் கரண்ட் போய்ப் போய் வெறுத்து, ஒரு யுபிஎஸ் கேட்டிருந்தார். ரைஹான் ஒரு சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரண்ட் போனாலும் பத்து நிமிடம் தாங்கும் என்று சொல்லி மாட்டினான். சோதனைக்கு இவர் கல்யாணப் பாட்டைப் போட்டார். வால்யூமை முழுசாகத் திருகியிருந்தார். நான் டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றேன்.

கரண்ட் போனது.

தறிகள் நின்றன. பாட்டு நிற்கவில்லை.

அந்தப் புல்லாங்குழலை நான் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டேன். வீடு முழுக்க அதுதான் இருந்தது. மேலே ஏறி ஏறி, இனி இடமில்லை என்கிற உயரத்தில் போய் நின்றது. உடனே என் சிரிப்பு. பத்தொன்பது வயதுச் சிரிப்பு, வெட்கம் கெட்டதனமாக, அவ்வளவு தெளிவாக. கைதட்டலுக்கு அடியில் யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "பாத்தியா ரைஹான்?" என்றார். "இப்பத் தறியுமில்ல. அப்பவும் மிருதங்கம் மட்டுந்தான். குழல் எங்க போச்சு, சொல்லு?"

ரைஹான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"ஏனுங்க, குழல் கேக்குதுங்க. நல்லாவே கேக்குது" என்றேன். தறி இல்லாததால் கத்த மறந்து, சாதாரண மனுசர்கள் பேசுகிற மாதிரி சொல்லியிருந்தேன். அவர் திரும்பவில்லை. "ஏனுங்க" என்றேன் மறுபடி. திரும்பவில்லை.

"அண்ணா, யுபிஎஸ் கத்துதுங்க, கம்ப்யூட்டரை அணைச்சிருங்க" என்றான் ரைஹான். அதற்கும் அசையவில்லை. அவன் போய்த் தோளைத் தொட்டான். அவர் நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தார்.

"யுபிஎஸ் கத்துதுங்ணா."

"எது கத்துது?"

ரைஹான் கையைக் காட்டினான். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதன்மேல் காதை வைத்தார். பிறகு இன்னொரு காதை வைத்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தபோது என் கையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்காது.

"உன்னைய வீணாத் திட்டிப்போட்டேன், ரைஹான்" என்றார். அவன், "அதெல்லாம் ஒன்னுமில்லீங்ணா" என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கோயமுத்தூரில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, கேட்கப்போகிறது கேட்கப்போகிறது என்று காத்திருந்தார். அந்த விரல் அசையவே இல்லை. உள்ளே ஓடிப்போய் அதை நானே அழுத்திவிடலாமா என்று இருந்தது.

"வருசக்கணக்காத் தறிச் சத்தம், நரம்பு போயிருச்சுங்க" என்றார் டாக்டர். "அடிச் சத்தம் கேக்கும். மேல் சத்தம் இனி வராது. மிஷின் வெச்சா பேச்சு கொஞ்சம் புரியும். பாட்டு பழையபடி கேக்காதுங்க."

"மருந்து ஒன்னுமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"தறியைவிட்டுத் தள்ளி இருக்கச் சொல்லுங்க. இருக்கறதையாச்சும் காப்பாத்திக்கலாம்."

எங்கே தள்ளி இருப்பது? நடுவில் இருப்பது ஒரு சுவர். சோறு போடுவது அந்தத் தறி. காதில் பஞ்சு வைக்கச் சொன்னேன். பஞ்சு வைத்தால் எந்தத் தறி தகராறு செய்கிறது என்று தெரியாது என்றார். சண்டை போட்டேன். ஜன்னலுக்குச் சாக்கு அடித்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒருநாள் குடோனுக்குள் போய் ஓடுகிற தறிகளைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அங்கே இருந்தவர்கள் என் வாயைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. மறுநாளே அடுத்த கேசட்டைச் செருகினார்.

"யாருக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கேசட்டு மங்கறது நெசந்தானே அம்மணி" என்றார்.

பாட்டு ஓடும்போது திரையில் பச்சைப் பச்சையாகக் குச்சிகள் ஏறி இறங்கும். இடது பக்கக் குச்சி மிருதங்கம், வலது பக்கம் ஏறினால் குழல் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். "இப்ப எப்புடிப் போகுது?" என்பார். "மேல போகுதுங்க", "இப்ப எறங்குதுங்க" என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. பாட்டைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவர்தான். அவருக்குக் கேட்கவில்லை. கேட்கிற எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை ஆசையாக என் வாயைப் பார்ப்பார் தெரியுமா? தறிக்குள் பேசினால் உதட்டில் படித்துவிடுவார். பாட்டுக்கு ஏது உதடு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கும் போகாமல் வீட்டில் இருந்தோம். 'புவனா' ஃபோல்டரைத் திறந்து அந்தப் பாட்டைப் போட்டார். தொடையில் தாளம் போட்டார், மிருதங்கத்தோடு இம்மியும் விலகவில்லை. வலது பக்கக் குச்சிகள் ஏறின. உச்சியில் நின்றன. சட்டென்று விழுந்து, மறுபடி குதித்தன.

"இப்பத்தானே நீ சிரிச்சே?"

"ஆமாங்க."

"எப்புடி இருந்துச்சு?"

"சிரிப்பு மாதிரிதான் இருந்துச்சு."

"ஒருக்கா சிரிச்சுக் காட்டு, கண்ணு."

முடியாது என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன். உதடு விரிந்தது, பல் தெரிந்தது, தோள்கூடக் குலுங்கியது. சத்தம் மட்டும் ஒரு துளியும் வரவில்லை. அவர் குடோனுக்குள் பார்ப்பதைப் போலக் கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"அதேதான்" என்றார். "கொஞ்சங்கூட மாறலை."