தலைவி போட்ட கோல்

"ஏம்மா, சட்டசபையில கத்துறது பத்தாதுன்னு பந்தாட்டத்துலயும் போய்க் கத்தணுமா?"

அவள் கால்பந்துச் சங்கத்துக்குத் தலைவியான அன்று மாமியார் இப்படித்தான் கேட்டார்.

"அங்க கத்தினா மைக்கை அணைச்சுடுறாங்க அத்தை. இங்க கத்தினா கோலாவது விழும்" என்று சொல்லிவிட்டு அவள் காருக்கு ஓடினாள்.

அன்று பிடித்த ஓட்டம்தான். காலையில் சபை, மாலையில் மைதானம். குடிநீர்த் தொட்டித் திறப்பு விழாவில் "மீதியை இரண்டாவது பாதியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பேச்சை முடித்தாள். பெண்கள் அணியின் பயிற்சி முகாமுக்குப் போய், பழக்கதோஷத்தில் ஓட்டே கேட்டுவிட்டாள். பிள்ளைகள் புல்லில் உருண்டு சிரித்தார்கள். அவளும் உருளாத குறைதான். அந்தப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். அடுத்த மாதம் அவர்கள் முதன்முதலாக வெளிநாட்டில் ஆடப் போகிறார்கள்.

போகவிட்டால்தானே! சங்கத்தில் கட்சிக்காரர்கள் மூக்கை நுழைக்கிறார்கள் என்று யாரோ கால்பந்து மேலிடத்தில் வத்தி வைத்துவிட்டார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தன்று விசாரிக்க அங்கிருந்து ஒரு பார்வையாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த முகம். புகார் உண்மை என்று அவர் எழுதினால் சங்கத்துக்குத் தடை. பெண்களின் பயணமும் அம்பேல்.

"இன்னிக்கு யாரும் கோஷம் போடக் கூடாது, புரியுதா?" என்று அவள் கட்சிக்காரர்களிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"புரியுதும்மா! தலைவி வாழ்க!" என்று அவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

தொடக்க மரியாதையாக முதல் பந்தை அவள் லேசாகத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். பிறகு பந்தைத் திரும்ப நடுவில் வைத்து ஆட்டம் தொடங்கும். ஆனால் அவ்வளவு கூட்டத்தைக் கண்டதும் அவள் காலுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஓங்கி விட்டாள் ஒரு உதை! வீரர்கள் பணிவாக வழிவிட்டார்கள். மைதானமும் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. வெளியூர் அணியின் கோல்கீப்பர் கையுறையோடு கைதட்டிக்கொண்டு நின்றான். பந்து சாவகாசமாக உருண்டு வந்து, அவன் கால்களுக்கு நடுவே புகுந்து, வலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

கூட்டம் எழுந்து ஆடியது. எண் பலகையைக் கவனித்துக்கொண்டிருந்த கட்சியின் வட்டச் செயலாளர் உள்ளூர் அணியின் பூஜ்யத்தைக் கழற்றிவிட்டு 'ஒன்று' மாட்டினார்.

வெளியூர் அணியின் கேப்டன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். "அதை எடுத்தாத்தான் ஆடுவோம்."

பார்வையாளர் பேனாவைத் திறந்தார். அவள் எண் பலகையடிக்கு ஓடினாள்.

"அண்ணே, அந்த ஒண்ணை எடுங்க!"

"நீங்க போட்ட கோலை நான் எடுக்கிறதா? கை வருமாம்மா எனக்கு?" வட்டச் செயலாளர் கிட்டத்தட்ட அழுதார். "தலைவி கோல் செல்லாதுன்னு நாளைக்கே எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் ஒட்டிடுவான்!"

அவள் செருப்பை உதறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே ஏணியில் ஏறி 'ஒன்றை'க் கழற்றினாள்.

வந்தது வினை. "தலைவி கோலைத் திருப்பிக் கொடு!" என்று கட்சிக்காரர்கள் மொத்தமாக மைதானத்தில் இறங்கிவிட்டார்கள். அவள் மைக்கோடு பின்னாலேயே ஓடினாள்.

"அன்பார்ந்த தோழர்களே, தயவுசெய்து…"

கைதட்டல்.

"வெளியே போங்கள் என்று…"

இன்னும் பெரிய கைதட்டல். பேச்சுக் கேட்க மேலும் நூறு பேர் உள்ளே வந்தார்கள்.

நடுவர் விசிலை ஊதிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வந்தார். மற்ற நாட்களில் அவர் பஸ் கண்டக்டர். நெரிசல் அவருக்குப் புதிதல்ல.

"யாரைக் கேட்டும்மா உள்ள வந்தீங்க?"

"இவங்களை வெளியேத்தத்தான்யா வந்தேன்!"

"ஏத்துறது இறக்குறதெல்லாம் என் வேலை. நீங்க இறங்குங்க." சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கைதட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"தலைவருக்கே சிவப்பா!" முன்வரிசையில் பார்வையாளர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னது அவள் காதுவரை கேட்டது. "இந்த நடுவர் கட்சிக்குப் பயப்படுற ஆளா? இதைத்தான் நான் எழுதணும்." அவர் வாயோரம் மெல்லக் கோணியது. சிரிப்பேதான்!

அப்படியானால் பிள்ளைகளின் பயணம் பிழைத்தது! நன்றி, விளக்கம், மன்னிப்பு, ஒரு சின்ன நகைச்சுவை என்று அவள் தொண்டைவரை சொற்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஆனால் ஒன்றை அவிழ்த்துவிட்டாலும் கைதட்டுவார்கள். கைதட்டினால் அங்கேயே நின்றுவிடுவார்கள். தலைவி நடந்தால் மட்டுமே இந்தக் கூட்டம் நடக்கும்.

மைக்கை நடுவர் கையில் கொடுத்தாள். வெறுங்காலோடு வாசலைப் பார்த்து நடந்தாள். வட்டச் செயலாளர் பின்னால் வந்தார், அவருக்குப் பின்னால் கொடிகள், அவற்றுக்குப் பின்னால் கட்சியே வந்தது. முதுகுக்குப் பின்னே மைதானம் காலியாகி, ஆட்டம் தொடங்கும் விசில் கேட்டது. திரும்பிப் பார்க்க ஆசை பிய்த்துத் தின்றது. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவள் வெளியேறினாள்.