கூண்டின் முன் ஒரு மூக்கு

காலையில் பால் அடிப்பிடித்தபோது அவள் அடுப்பின் முன்னால்தான் நின்றிருந்தாள்.

"மூக்கு என்ன லீவுல போயிருக்கா?" கணவன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

சிரித்து மழுப்பினாள். போன மாதக் காய்ச்சல் போகும்போது வாசனை தெரிவதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று திரும்பும், நாளை திரும்பும் என்று யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள்.

வேறு வேலையென்றால் பரவாயில்லை. அவள் வேலை, கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் பிரிப்பது. ஒரு தகட்டில் ஹைட்ரஜன் வரும். மற்றதில் ஆக்சிஜன் வர வேண்டும். ஆனால் கடல் உப்பு சும்மா இருக்காது, குளோரின் என்ற நச்சுவாயுவைக் கிளப்பிவிடும். அதைத் தடுக்கத் தகட்டுக்கு ஒரு பூச்சு தேடுவதிலேயே அவளுடைய பாதி வயது கரைந்திருந்தது. குளோரினை முதலில் பிடிப்பது மூக்குதான். சோதனை நடக்கும் கண்ணாடிக் கூண்டின் கதவைத் துளி திறந்து, கையால் காற்றை விசிறி முகர்வார்கள். முகர முடியாதவளைக் கூண்டருகே யார் விடுவார்கள்?

புதிய பூச்சு இன்றுதான் முதன்முதலாக நிஜக் கடல்நீரைப் பார்த்தது. குமிழிகள் பொங்கின. தலைமை விஞ்ஞானி போனில் கேட்டார்.

"வாசனை ஏதாவது வருதாம்மா?"

"இல்ல சார்."

பொய் இல்லை. அதுதான் உறுத்தியது.

"ஜெயிச்சிட்டோம்மா! இப்பவே மேல சொல்லிடறேன்."

காற்றை வெளியேற்றும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. போனைக் கையில் வைத்தபடியே நின்றாள். திரும்பக் கூப்பிடலாம். விரல் நகரவில்லை.

பக்கத்து மேசைத் தோழி புயல்போல் வந்தாள். "ஏண்டி, ஜெயிச்சுட்டு யாராவது இப்படி உம்முனு நிப்பாங்களா? நகரு, நானும் பாக்கறேன்."

கதவை அகலத் திறந்து, விசிறாமல் கொள்ளாமல், முகத்தை அப்படியே உள்ளே நீட்டப் போனாள். அவ்வளவு நம்பிக்கை.

அவள் தோழியின் தோளைப் பிடித்து இழுத்தாள். "மூஞ்சிய உள்ள விடாத! எனக்கு வாசனையே தெரியல. காய்ச்சல்லேர்ந்து."

தோழி தள்ளி நின்று விசிறி முகர்ந்தாள். முகம் சுருங்கியது.

"அடிப்பாவி. நீச்சல்குளம் மாதிரி அடிக்குது."

மின்சாரத்தை நிறுத்தினார்கள். குமிழிகள் ஒவ்வொன்றாய் அடங்கின. அவள் போனை எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"மேல சொல்லிட்டேனே," என்றார் தலைமை விஞ்ஞானி. "சரி, நான் போய் அசடு வழிஞ்சிட்டு வரேன். நீ தகட்டக் கழுவி, பூச்சு எங்க உரிஞ்சிருக்குன்னு பாரு."

"நானா சார்?"

"ஏன், கண்ணும் போயிடுச்சா?"

தோழி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "நீ பாரு, நான் முகர்றேன். டீ மட்டும் தினம் நீதான் வாங்கித் தரணும்."

கழுவிய தகட்டை விளக்கடியில் பிடித்தாள். பழக்கத்தில் கை ஒருமுறை காற்றை விசிறியது. ஒன்றும் தெரியவில்லை. தகட்டை இன்னும் கண்ணருகே கொண்டுவந்தாள். ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, பூச்சு உரிந்திருந்தது.