கரைக்கல்

கல்லறைக் கல் செதுக்கும் பட்டறையின் பின்னால் குவிந்து கிடந்த துண்டுக் கற்களை ஜெபராணி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர் சோணைமுத்து உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"யாருக்கும்மா கல்லு? பேரு, தேதியெல்லாம் கொண்டாந்திருக்கீகளா?"

"பேரெல்லாம் இல்லண்ணே. வீட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு குளம் வெட்டிருக்கோம். கரை சரியுது. அதுக்குத்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"விருதுநகர்ல கேட்டேன். அழகுக்கு வைக்கிற கல்லாம், வாய்க்கு வந்த வெலை சொல்லுதாக" என்றாள்.

"இது வெட்டி மிஞ்சுனதும் எழுத்துப் பிசகுனதும். டீக்காசு குடுத்துட்டு அள்ளிக்கிட்டுப் போங்க. எழுத்து இருந்தா மட்டும் கவுத்திப் போட்டுக்கிடுங்க."

அண்ணன் மகன் காலேப் பட்டாசு லோடு அடிக்கும் தன் ஆட்டோவைப் பின்னால் எடுத்து நிறுத்தினான். முதல் கல்லைத் தூக்கியவன் தயங்கினான்.

"மாமா இப்படிக் கெடக்கையில இது அவசியமா அத்தை? நாளைக்கு வந்து அள்ளுனா ஆகாதா?"

காலையில் கணவருக்குக் கால் துடைத்துவிட்டபோது ஜெபராணி விரல் நகங்களின் நிறத்தைப் பார்த்திருந்தாள். நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளில் அந்த நிறத்தை அவள் நிறையப் பார்த்தவள்.

"பெரிய கல்லாப் பாத்து எடுலே" என்றாள்.

அவள் கணவர் தேவாசீர்வாதம் ஏழாயிரம்பண்ணையில் வாத்தியாராக இருந்தார். அவளுக்கோ ஊர் ஊராக மாற்றல். சனிக்கிழமை ராத்திரி சாத்தூர் வீட்டுக்கு வந்து இறங்குவாள்; ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு வாய் சாப்பிட்டால் மறுபடி பஸ் ஸ்டாண்டு. பிள்ளைகளும் இல்லை. அவள் ஓய்வு பெற்று வந்த அன்றைக்கு, "இனி என்ன செய்வோம் ஜெபா?" என்று அவர் கேட்டார். "சாயங்காலமானா தண்ணில காலைத் தொங்கப் போட்டு ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம்" என்று விளையாட்டாகத்தான் சொன்னாள். மறுநாளே அவர் மண்வெட்டியை எடுத்துவிட்டார். குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, அல்லிக் கிழங்கும் ஊன்றியாயிற்று. கரைக்குக் கல் தேடும்போதுதான் அவருடைய சிறுநீரகம் கைவிட்டது.

வீட்டில் கற்களை இறக்கிய சத்தம் கேட்டு, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் கண் திறந்தார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேங்க. இந்தக் கல்லைப் பாருங்க. 'கர்தருக்குள்'னு வெட்டிருக்கான்."

"த் போடலையா?" அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று. "அதைக் கவுத்தாதே. அப்படியே இருக்கட்டும்."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். காலேப் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க வாங்கிப் பதித்தாள். "இது சரியா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பாள். "இடப்பக்கம் கொஞ்சம்" என்று மெல்லக் குரல் வரும்.

"தண்ணி விட்டாச்சா?"

"விட்டுருக்கேன்."

"நெறையட்டும். ஒரு தூக்கம் போட்டுட்டு வாரேன். உக்காருவோம்."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மீதிக் கற்களையும் வரிசையாக வைத்து முடித்தாள். அவசரப்படவில்லை. கையைக் கழுவி, ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். வாசலில் நின்ற காலேப்தான் முதலில் அழுதான்.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். கால் கழுவ முன்வாசலில் வைத்த அண்டா காலியாகிவிட, ஆண்கள் பின்பக்கம் போனார்கள். ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கால்களை விட்டார்கள். செம்மண் கலங்கிப் பரவியது. நல்ல குளிர்ச்சி என்று யாரோ சொன்னார்கள். யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை.

ஜெபராணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்தக் கல்லு ஆடுது" என்றான் காலேப்.

அவள் இறங்கி வந்தாள். அவனை எழுப்பிவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். ஈரமண்ணைக் கையளவு அள்ளிக் கல்லுக்கு அடியில் திணித்தாள். போதாமல் இன்னும் கொஞ்சம் திணித்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கல்லின் மேல் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்தினாள்.

"இப்ப உக்காரு" என்றாள்.