வண்டி உங்கள் வாசலில்

ஆபீசில் எனக்குத் தையல்காரி என்று பெயர். துணி என்னுடையதல்ல, தையல் மட்டும்தான் என்னுடையது. ஆம்புலன்ஸ்களை அனுப்பும் சேவை ஒன்று, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று சொல்லும் சேவை ஒன்று, கூப்பிடுகிறவர் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடச் சேவை ஒன்று. யார் யாரோ நடத்தும் அந்த மூன்றையும் இணைத்து ஒரே ஆப்பாக்கியவள் நான். அது வெளிவந்த பிறகு நான்கு நாட்களும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை எங்கள் வாசலிலேயே சைரன் வந்து நின்றது.

டிரைவர் கையில் டேப்லெட்டோடு ஓடிவந்தார். "பேஷன்ட் எங்கம்மா? நெஞ்சுவலி, எழுபது வயசுன்னு போட்டிருக்கு."

"இந்த வீட்டுல மூத்தவனே நான்தாங்க," என்றார் என் கணவர். "எனக்கு நாப்பதுதான் ஆகுது."

டிரைவர் திரையைக் காட்டினார். எங்கள் தெரு, எங்கள் வீட்டு எண். 'மாடிப்படிக்கு வலப்பக்கம்' என்று நான் தட்டிய குறிப்புகூட அப்படியே இருந்தது.

சோதனை நாட்களில் வரைபடச் சேவை அவ்வப்போது பதில் தராமல் இருந்துவிடும். முகவரி வராவிட்டால் மற்ற இரண்டும் படுத்துக்கொள்ளும். அதனால், பதில் வராதபோது என் வீட்டு முகவரியைப் போட்டுக்கொள் என்று ஒரு வரி எழுதிவைத்தேன். வெளியிடும்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

"கெளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேக்கலையா?"

"முன்னெல்லாம் கேப்போம்மா. இப்பதான் எல்லாம் ஆப்புலயே வந்துடுதே."

ஆபீசுக்குச் சொல்லி ஆப்பை நிறுத்தும்படி கணவரிடம் கத்திவிட்டு, திரையில் இருந்த, வண்டி கேட்டவரின் எண்ணை என் போனில் அழுத்தினேன். முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வண்டி வாசல்ல நிக்குதுன்னு காட்டுதே, எங்க நிக்கிறீங்க? நான் ரோட்டுக்கே வந்துட்டேன். ரெண்டு பக்கமும் ஓடிப் பாத்துட்டேன்."

'கவலை வேண்டாம், வண்டி உங்கள் வாசலில்.' அந்த வாசகமும் என் கைவண்ணம்தான்.

"பேஷன்ட்கூட யாரு இருக்கா?"

"அப்பா தனியாத்தான் இருக்காரு. வண்டி வந்துடுச்சுன்னு சொன்னதாலதான் விட்டுட்டு வந்தேன்."

"உடனே அவர்கிட்ட போங்க. போயிக்கிட்டே அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னாள். ஊரின் மறுகோடி. டிரைவர் முகம் மாறியது. "நான் போக அரை மணி நேரமாவது ஆகும். அந்தப் பக்கம் நம்ம வண்டி ஒண்ணு நிக்கும், இருங்க." தன் போனை எடுத்துப் பேசினார். கேட்டதும் ஒரு நொடி என்னையே பார்த்தார்.

"அந்த வண்டி வேற ஒரு கேஸுக்குக் கெளம்பிடுச்சாம், அம்மா. உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்காம்."

அவர் வண்டிக்கு ஓடினார். எங்கள் தெருமுனையில் இன்னொரு சைரன் கேட்டது. போனில் அவள் அதற்குள் மாடியேறி அப்பாவிடம் போயிருந்தாள்.

"அப்பா கண்ணத் தொறக்க மாட்டேங்குறாரு," என்றாள் என் காதில். "போன்ல சைரன் சத்தம் கேக்குதே, வந்துட்டீங்களா?"